குடிசைப் பகுதிகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நகரத்துக் குடிசைப் பகுதிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. சிலர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். சிலர் பதிலை முதலிலேயே முடிவுசெய்துவிட்டுக் கேட்கிறார்கள். இரண்டு வகைக் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன.

எதைக் குடிசைப் பகுதி என்கிறோம்? குடிசை இருந்தால்தானா?

இல்லை. கூரை வேய்ந்த குடிசை ஒன்றுகூட இல்லாத குடிசைப் பகுதிகள் ஏராளம். ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு ஐந்து குறைகளைப் பார்க்கிறது: பாதுகாப்பான குடிநீர் இல்லாமை, முறையான கழிப்பறை இல்லாமை, ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் வசிப்பது, காற்று மழைக்குத் தாங்காத வீடு, எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற நிலை. இவற்றில் ஒன்று இருந்தாலே அந்தக் குடும்பம் கணக்கில் வந்துவிடும்.

இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு மாதிரி பார்த்தது. அரசு அறிவித்த பகுதி, அங்கீகரித்த பகுதி, கணக்கெடுப்பாளர் அடையாளம் கண்ட பகுதி என்று மூன்று வகை. மூன்றாவது வகையில் சேர, நெருக்கமாகக் கட்டிய மோசமான வீடுகளில் குறைந்தது 300 பேராவது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பாலத்தடியில் பத்து குடும்பங்கள் இருந்தால்? அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். எதை அளக்கிறோம் என்பதை வைத்தே யார் கண்ணில் படுகிறார்கள் என்பதும் முடிவாகிறது.

‘சேரி’ என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு, தீண்டாச்சேரியும் உண்டு. குடியிருப்பு என்பதுதான் அடிப்படைப் பொருள். ஆனால் பிற்காலத்தில் அந்தச் சொல்லின்மேல் சாதி ஏறி உட்கார்ந்துகொண்டது. அகராதியைக் காட்டி அதை இறக்கிவிட முடியாது. ‘குடிசைப் பகுதி’ என்பதும் பிழையில்லாத சொல் அல்ல, ஆனால் பழகிவிட்டது. தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அங்கே வசிப்பவர்கள் இதில் எந்தச் சொல்லையும் புழங்குவதில்லை. குடியிருப்பின் பெயரையோ தெருவின் பெயரையோதான் சொல்வார்கள்.

உலகில் எத்தனை பேர் இப்படி வாழ்கிறார்கள்?

ஐ.நா. மதிப்பீட்டின்படி சுமார் 110 கோடி பேர். நகரவாசிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 2000க்குப் பிறகு விகிதம் கொஞ்சம் குறைந்தது, எண்ணிக்கை குறையவில்லை. இந்தியாவின் 2011 கணக்கு ஆறரைக் கோடி.

தனித்தனிப் பகுதிகளின் எண்களை நம்புவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நைரோபியின் கிபேராவில் பத்து லட்சம் பேர் இருப்பதாகப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கென்யாவின் 2009 கணக்கெடுப்பு அங்கே எண்ணியது சுமார் 1,70,000 பேரை. நிதி திரட்டுபவர்களுக்குப் பெரிய எண் வசதி. இடிக்க வருபவர்களுக்குச் சிறிய எண் வசதி.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் அங்கேயே இருக்க வேண்டும்? ஊருக்கே திரும்பிப் போகலாமே?

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பலருக்குத் திரும்பிப் போக ஊரே கிடையாது. இரண்டு மூன்று தலைமுறையாக நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். குடிசைப் பகுதி என்றாலே நேற்று ரயிலில் வந்து இறங்கியவர்கள் என்ற படம் பழசு.

அடுத்தது முக்கியமானது. அவர்கள் அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிகாலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் முனைக்கு நடந்து போகும் தூரம். மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளை பள்ளி விட்டு வருவதற்குள் திரும்பிவிடும் தூரம். கையில் காசு இல்லாத நாளில் கடன் சொல்லி வாங்க ஒரு கடை, அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டம்மா. நாள் கூலிக்காரருக்கு இவை வருமானத்தின் ஒரு பகுதி. அதே வாடகையில் நகரத்துக்கு வெளியே கொஞ்சம் பெரிய வீடே கிடைக்கலாம். பஸ் செலவும் பயண நேரமும் அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

நகரம் தனக்கு வேண்டிய உழைப்பை உள்ளே வரவழைத்துக்கொள்கிறது, அந்த உழைப்பாளி படுத்து எழுவதற்கு இடம் ஒதுக்குவதில்லை. ஆற்றங்கரை, ரயில் பாதை ஓரம், சரிவு, குப்பைமேட்டுப் பக்கம் என்று வேறு யாரும் விரும்பாத நிலம் எது மிஞ்சுகிறதோ அங்கே அவர் வீடு கட்டிக்கொள்கிறார்.

வாடகை, வரி எதுவும் இல்லாமல் ஓசியில் இருக்கிறார்கள் என்பது உண்மையா?

பெரும்பாலும் இல்லை. குடிசைப் பகுதிகளில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறையப் பேர். அட்வான்ஸ் உண்டு, ரசீது கிடையாது. கிபேராவில் பெரும்பான்மையோர் வாடகைதாரர்கள்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்துக்குப் பத்து அறையின் வாடகை நடுத்தர வர்க்க வீட்டுக்கு நெருங்கி வருவதுண்டு. குழாய் இணைப்பு இல்லாததால் லாரியிலும் குடத்திலும் விலைக்கு வாங்கும் தண்ணீர், லிட்டர் கணக்கில் பார்த்தால், குழாயில் வரும் தண்ணீரைவிடப் பல மடங்கு விலை. மீட்டர் இல்லாத மின்சாரத்துக்கும் யாரோ ஒருவர் மாதாமாதம் வசூல் செய்கிறார். பணம் போகிறது, ஆனால் கேள்வி கேட்கும் உரிமை தராத கைக்குப் போகிறது.

தண்ணீர்ப் பிரச்சினை என்றால் தண்ணீர் இல்லை என்பது மட்டும்தானா?

அது ஒரு பாதி. மற்றப் பாதி நேரமும் உடம்பும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குறைந்தபட்சக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் வீட்டுக்கு 250 லிட்டர், அதாவது 250 கிலோ. 15 லிட்டர் குடத்தில் 17 நடை. அதை யார் சுமக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. யாராலும் 17 நடை நடக்க முடியாது என்பதால் 20 லிட்டரில் குளியலை முடிக்கிறார்கள், கை கழுவுவதைக் குறைக்கிறார்கள். வயிற்றுப்போக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. தண்ணீர் தினமும் வருவதில்லை, அதனால் ட்ரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். காய்ச்சல் வந்ததும் அதிகாரிகள் வந்து ட்ரம்மைக் கவிழ்க்கச் சொல்வார்கள். கவிழ்த்துவிட்டு நாளைக்கு என்ன செய்வது? மூடிவைக்கச் சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் ட்ரம்மே தேவைப்படாது.

பொதுக் கழிப்பறை கட்டிக் கொடுத்தும் ஏன் பயன்படுத்துவதில்லை?

ஒரு சின்னக் கணக்கு. 50 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 250 நிமிடம். நாலு மணி நேரத்துக்கு மேல். ஆனால் எல்லோருக்கும் அது காலை ஐந்திலிருந்து எட்டுக்குள் வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் 36 பேர்தான் போய்வர முடியும். மீதிப் பதினான்கு பேர்? பேரிடர் முகாம்களுக்கான ‘ஸ்பியர்’ என்ற சர்வதேச அளவுகோலே 20 பேருக்கு ஒன்று என்கிறது.

அதோடு இரவில் விளக்கு இல்லை, தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் பூட்டிவிடுகிறார்கள். பெண்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று, மலச்சிக்கல் எல்லாம் கூடவே வருகின்றன. மாதவிடாய் நாட்களில் துணியைக் காயப்போடக்கூட மறைவான இடம் கிடையாது. சிறு குழந்தைகளை யாரும் வரிசையில் நிற்கவைப்பதில்லை, சாக்கடை ஓரம்தான். கட்டி முடித்ததும் திறப்பு விழா நடக்கிறது. தினமும் கழுவுபவருக்குச் சம்பளம் யார் தருவது என்று எழுதிவைக்காத கழிப்பறை கொஞ்ச நாளில் பாழாகிறது.

வீடு மோசம் என்பதற்கும் உடல்நலத்துக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? வறுமைதானே காரணம்?

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம், ஆனால் ஒரு நல்ல ஆய்வு உண்டு. மெக்ஸிகோவின் கோவாவீலா மாநிலத்தில் 2000இல் ஒரு திட்டம் தொடங்கியது. மண் தரை உள்ள வீடுகளுக்கு சிமெண்ட் தரை போட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒட்டியே இருந்த நகரப் பகுதிகளுக்கு இந்தத் திட்டம் இல்லை. இரு பக்கத்து மக்களும் ஒரே மாதிரி ஏழைகள். ஒப்பிட்டுப் பார்த்தபோது, தரை முழுவதும் சிமெண்ட் ஆன வீட்டுக் குழந்தைகளிடம் குடற்புழுத் தொற்று 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், இரத்தசோகை 81 சதவீதமும் குறைந்திருந்தன. தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது. 2009இல் வெளியான முடிவு இது. வருமானம் ஏறவில்லை, தரை மட்டும்தான் மாறியது.

கூரைக்கு வருவோம். தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வெயிலை வாங்கி அப்படியே உள்ளே இறக்கும். ஜன்னல் இல்லாத அறையில் சூரியன் மறைந்த பிறகும் சூடு தங்கும். உள்ளேயே அடுப்பு. பகலில் வெயிலில் வேலை பார்த்த உடம்பு இரவில் ஆற வேண்டும், அது நடப்பதில்லை. தையல், பீடி, ஊதுவத்தி என்று வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களுக்குப் பகலிலும் அதே அறைதான். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது மலிவான தீர்வு, ஓரளவு பலன் தரும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அதை உடைப்பது, துளைபோடுவது, அறுப்பது எல்லாம் இன்னும் ஆபத்து. பழைய ஷீட்டைத் துண்டுபோட்டு அடுப்படிக்கு மறைப்பாக வைக்கும் வழக்கத்தை யாராவது சொல்லி நிறுத்த வேண்டும்.

நெருக்கமாக வாழ்வதுதான் நோய்களைப் பரப்புகிறதா?

காசநோய்க்கு நெருக்கமும் காற்றோட்டமின்மையும் போதும். எலிகள் பரப்பும் லெப்டோஸ்பைரோசிஸ், திறந்த சாக்கடைக்கு எவ்வளவு பக்கத்தில் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று பிரேசிலின் சால்வடோர் நகர ஆய்வுகள் காட்டின. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், மும்பையின் மூன்று வார்டுகளில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். குடிசைப் பகுதிகளில் சோதித்தவர்களில் 57 சதவீதத்தினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அதே வார்டுகளின் மற்ற பகுதிகளில் 16 சதவீதம். “வீட்டிலேயே இருங்கள், இடைவெளி விடுங்கள்” என்ற அறிவுரை எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதற்கு இந்த இரண்டு எண்களே சாட்சி.

வெள்ளமும் தீயும் ஏன் எப்போதும் அங்கேயே வருகின்றன?

மிஞ்சிய நிலம் என்று மேலே சொன்னேனே, அதன் விலை இது. 2000 ஜூலையில் மணிலாவின் பயாட்டாஸ் குப்பைமேடு மழையில் சரிந்து 200 பேருக்கு மேல் புதைந்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள், அதன் அடிவாரத்திலேயே வீடு கட்டியிருந்தார்கள். தீ என்றால் மரச் சுவர், தார்ப்பாய், சிலிண்டர், கொக்கி போட்ட மின்கம்பி, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து. பிறகு என்ன வேண்டும்?

ஏன் இவ்வளவு குப்பை? சுத்தமாக இருந்தால் என்ன?

பெரும்பாலான வீடுகளின் உள்ளே போய்ப் பாருங்கள், பாத்திரம் அடுக்கி, தரை துடைத்து பளிச்சென்று இருக்கும். வாசலுக்கு வெளியேதான் குப்பை. வண்டி வராத தெருவில் அப்படித்தான் இருக்கும். பெரிய வீடுகள் இருக்கும் தெருவுக்கு ஒரு மாதம் குப்பை வண்டி வராவிட்டால் அங்கேயும் இதே கதைதான்.

குற்றங்கள் அதிகம் என்கிறார்களே?

சில இடங்களில் உண்மை. கும்பல்கள் ஆளும் பகுதிகள் உண்டு, ரியோவின் சில ஃபவேலாக்கள் (பிரேசிலில் குடிசைப் பகுதிக்குப் பெயர்) போல. ஆனால் அதில் முதலில் அடிபடுவது அங்கே வசிப்பவர்கள்தான். புகார் கொடுக்கப் போனால் முகவரியைக் கேட்டதுமே அவர்களே சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். வேலை நேர்காணலிலும் அதே முகவரி குறுக்கே வரும். அதனால் சிலர் அத்தையின் முகவரியைக் கொடுக்கிறார்கள்.

அடுக்குமாடி கட்டி எல்லோரையும் மாற்றிவிட்டால் முடிந்தது. அதில் என்ன தயக்கம்?

கட்டுவதில் தயக்கம் இல்லை. எங்கே என்பதில்தான்.

1987இல் அகமதாபாத்தில் குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் புது வீடுகள் ஒதுக்கப்பட்டன. நல்ல வீடுகள்தான், ஆனால் பழைய இடத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி. பதினான்கு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதத்தினர் குடியேறவே இல்லை. இன்னும் 32 சதவீதத்தினர் போய் இருந்துபார்த்துவிட்டு வெளியேறியிருந்தார்கள். தங்கியவர்களின் வருமானமோ பிள்ளைகளின் நிலையோ குலுக்கலில் தோற்றவர்களைவிட மேலாக இல்லை. அவசரத்துக்கு உதவ உறவும் நட்பும் பக்கத்தில் இல்லாமல் போனது மட்டும் தெரிந்தது. “இலவசமாக வீடு கொடுத்தால் விற்றுவிட்டு ஓடிவிடுகிறார்கள்” என்று கோபப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

கட்டும் விதமும் உண்டு. மும்பையில் சில மறுகுடியமர்வுக் கட்டடங்களை வெளிச்சம்கூடப் புகாத அளவுக்கு நெருக்கிக் கட்டினார்கள். கீழ்த்தளங்களில் காசநோய் அதிகமாக இருந்ததை ஆய்வு ஒன்று காட்டியது. குடிசையில் இருந்த நோய் கான்கிரீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பிறகு லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம். தள்ளுவண்டியை ஏழாவது மாடியில் எங்கே நிறுத்துவது?

சிங்கப்பூரும் ஹாங்காங்கும் அப்படித்தானே ஜெயித்தன?

நல்ல கேள்வி. 1953 டிசம்பர் 25 இரவு ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் பகுதியில் தீப்பிடித்து 50,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். 1961 மே 25 அன்று சிங்கப்பூரின் புக்கிட் ஹோ ஸ்வீயில் சுமார் 16,000 பேர். இரண்டு அரசுகளும் வேகமாகக் கட்டின. ஆனால் கட்டிய இடத்தைக் கவனியுங்கள்: தீப்பிடித்த அதே நிலத்தில். வேலை, சந்தை, பள்ளி எதுவும் தூரம் போகவில்லை. சிங்கப்பூர் 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது, 1968இல் தொழிலாளர் சேமநிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்க அனுமதித்தது. இவற்றை விட்டுவிட்டு மாடிகளை மட்டும் காப்பியடித்தால் சிங்கப்பூர் வராது.

அப்படியானால் மாற்று என்ன?

முடிந்த இடங்களில் எல்லாம் இருந்த இடத்திலேயே மேம்படுத்துவது. ஜகார்த்தாவில் 1969இல் தொடங்கிய கம்போங் (நெருக்கமான ஏழைக் குடியிருப்பு) மேம்பாட்டுத் திட்டம் வீடுகளைத் தொடவே இல்லை. நடைபாதை, வடிகால், குடிநீர்க் குழாய் போட்டது. இனி இடிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் மக்களே வீட்டைக் கட்டிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் கராச்சியின் ஒரங்கி குடிசைப் பகுதி. 1980இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் அங்கே ஓர் அமைப்பாக வேலை தொடங்கினார். இருபது முப்பது வீடுகள் உள்ள ஒவ்வொரு சந்தும் ஓர் அலகு. வீட்டுக் கழிப்பறையும் சந்துக் கழிவுக் குழாயும் மக்கள் பணத்தில், மக்கள் கையால். வழிகாட்டுதலும் வரைபடமும் அவரது அமைப்பு தரும். பெரிய கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவு பெருமளவு குறைந்தது. இதைச் சொன்னால் சில அதிகாரிகள் மகிழ்ந்து, “சரி, மக்களே எல்லாவற்றையும் செய்துகொள்ளட்டும்” என்பார்கள். இல்லை ஐயா, பெரிய குழாயை யாரும் தன் சந்தில் நின்று போட முடியாது.

தாய்லாந்தில் 2003 முதல் நடக்கும் பான் மன்கோங் திட்டத்தில் குடும்பங்கள் சேமிப்புக் குழுவாகச் சேர்ந்து, கூட்டாகக் கடன் வாங்கி, நிலச் சொந்தக்காரரிடம் பேரம் பேசி வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ செய்கின்றன.

ஆற்றின் நடுவிலோ சரியும் மலையிலோ இருப்பவர்களை மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் வாதமில்லை. பக்கத்தில் மாற்றுங்கள், அவர்களிடம் கேட்டு மாற்றுங்கள்.

பட்டா கொடுத்தால் போதுமா?

உதவும், மந்திரம் அல்ல. 1981இல் புவெனஸ் ஐரிஸ் அருகே சுமார் 1,800 குடும்பங்கள் காலி நிலத்தில் குடியேறின. பிறகு அரசு அந்த நிலத்தை எடுக்க முன்வந்தபோது சில சொந்தக்காரர்கள் இழப்பீட்டை ஏற்றார்கள், சிலர் வழக்குப் போட்டார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றுக்குப் பட்டா, இன்னொன்றுக்கு இல்லை. பட்டா கிடைத்த வீடுகளில் சுவரும் கூரையும் மேம்பட்டன, பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள். ஆனால் வங்கிக் கடன் பெரிதாகக் கிடைக்கவில்லை, வருமானமும் ஏறவில்லை. பட்டா தந்தது தூக்கம். அதுவே சின்ன விஷயமில்லை.

சட்டம் யார் பக்கம்?

இரண்டு பக்கமும். 1985இல், மும்பை நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, முறையான நோட்டீஸ் கொடுத்துவிட்டு நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம். தென்னாப்பிரிக்காவில் 2000இல், வீடற்ற ஐரீன் க்ரூட்பூமின் வழக்கில், கடும் தேவையில் இருப்பவர்களுக்கு வழி செய்யாத வீட்டுத் திட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். க்ரூட்பூம் 2008இல் இறந்தபோது அவருக்குச் சொந்த வீடு இல்லை.

ஒரு குடிசைப் பகுதியில் ஆய்வு செய்யப் போகிறேன். என்ன கேட்பது?

வருமானத்தை முதலில் கேட்காதீர்கள், சரியான பதில் வராது. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் எழுந்திருக்கிறார்கள் என்று தொடங்குங்கள். இரவில் கழிப்பறைக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பெண்களிடம் பெண்கள்தான் கேட்க வேண்டும். வேலைக்குப் போக எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு? கடைசியாக எப்போது இடிக்க வந்தார்கள்? கையில் என்ன காகிதம் இருக்கிறது?

முடிந்தால் கணக்கெடுப்பை அவர்களையே செய்யவிடுங்கள். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பையில் குடிசைவாசிகளை ஒன்றுதிரட்டிய ஜோக்கின் அற்புதம் காட்டிய வழி அது. 1976இல் அவர் வசித்த ஜனதா காலனியே இடிக்கப்பட்டது. எத்தனை வீடு, எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை என்று மக்கள் தாங்களே எண்ணிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியின் முன் உட்காரும்போது பேச்சின் தொனியே மாறும் என்பது அவர் அனுபவம். பட்டியலின் ஒரு நகலை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள்.